டெட்ராய்ட்ல காலி பில்டிங் வாங்கலாமா? கையெழுத்துக்கு முன்னாடி மொட்டை மாடிக்கு ஏறுங்க

கேள்வி: அண்ணா, நாங்க அஞ்சு ஃப்ரெண்ட்ஸ், டெட்ராய்ட்டுக்குப் புறநகரான நோவை (Novi) ஊர்ப் பக்கம் இருக்கோம், எல்லாரும் ஆட்டோ கம்பெனியில இன்ஜினியர். டெட்ராய்ட் டவுன்டவுன் ஓரத்துல 1920கள்ல கட்டின நாலு மாடி செங்கல் பில்டிங் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. மொத்தம் 16,000 சதுர அடி, பத்து வருஷத்துக்கு மேல காலி. கேக்குற விலை 9 லட்சம் டாலர். ஆளுக்கு ஒன்றரை லட்சம் போட்டு மீதிக்கு பேங்க் லோன் எடுக்கலாம்னு இருக்கோம். கீழ ஒரு ஃப்ரெண்டோட மனைவி ரெஸ்டாரன்ட் நடத்தணும்னு ஆசைப்படறாங்க, மேல மூணு மாடியும் அபார்ட்மென்ட். புரோக்கர் இந்த மாசமே முடிக்கச் சொல்றார். சரிவரலைன்னா அஞ்சு வருஷம் அப்படியே வச்சிருந்து வித்துடலாம், ஊர்தான் ஏறிட்டே இருக்கேன்னு எங்கள்ல ரெண்டு பேர் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

பதில்: தம்பி, முதல்ல நேரடியா சொல்லிடறேன், இந்த மாசம் கையெழுத்து போடாதீங்க. வாங்கவே வாங்காதீங்கன்னு சொல்லல. நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், காலியாக் கிடந்த பழைய பில்டிங்குல மறுபடி ஆள் குடியிருக்கற மாதிரி ஆக்கற வேலையில மிஷிகன்ல இருபது வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. இருட்டா இருந்த ஒரு பில்டிங்ல பல வருஷம் கழிச்சு ராத்திரி ஜன்னல்ல லைட் எரியறதப் பாக்கறப்ப வர்ற சந்தோஷத்துக்காகவே இந்த வேலைய விடாம செய்யறேன், அதனால நம்ம ஆளுங்க அஞ்சு பேர் சேந்து ஊருக்குள்ள பணம் போடணும்னு நினைக்கறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா நீங்க கடைசியில போற போக்குல கேட்டீங்களே, அஞ்சு வருஷம் அப்படியே வச்சிருக்கலாமான்னு, அதுக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும். கூடாது.

காலி மனைய வாங்கிப் போட்டா அது அங்கேயே அப்படியே கிடக்கும். காலி பில்டிங் அப்படிக் கிடக்காது, ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு படி கீழ இறங்கும். எப்படின்னு சொல்றேன். அந்தக் காலத்து பில்டிங்கோட மொட்டை மாடி தட்டையா இருக்கும், மழைத்தண்ணி இறங்கற பைப் பெரும்பாலும் வெளிச்சுவத்துல இருக்காது, பில்டிங்குக்கு உள்ளார வார்ப்பிரும்புக் குழாயா மேலேர்ந்து கீழ வரைக்கும் போகும். உள்ள ஆள் இருந்து ஹீட்டிங் ஓடற வரைக்கும் அது நல்ல ஏற்பாடுதான், ஏன்னா உள்சூட்டுல தண்ணி உறையாது. ஹீட்டிங்க நிறுத்தின பிறகு வர்ற ஜனவரியில குழாய்க்குள்ள தண்ணி ஐஸ் ஆகி குழாய் நெடுக்க வெடிக்கும், வெடிச்சது வெளியில யாருக்கும் தெரியாது, மார்ச்ல பனி உருகறப்ப மாடியில சேந்த தண்ணி மொத்தமும் வடிகாலுக்குப் போறதுக்குப் பதிலா நாலு மாடிக்கும் உள்ளாரவே கொட்டும். அப்புறம் மரத்தளம் உப்பிக்கிட்டு எழும்பும், பிளாஸ்டர் விழும், பூஞ்சை பிடிக்கும், ஊறின செங்கல் உறைஞ்சு உருகி உறைஞ்சு உருகி முன்பக்கம் பொருக்குத் தட்டி உதிரும். ஜன்னலுக்கு மேல செங்கலத் தாங்கற இரும்பு லிண்டல் துருப்பிடிக்கும், துருவுக்கு இரும்ப விட பல மடங்கு இடம் வேணும், அந்த இடத்துக்காக அது மேல இருக்கற செங்கல் வரிசையையே வெளிய தள்ளும். நான் போய்ப் பாத்த பில்டிங்குகள்ல ரிப்பேர் செலவு எகிறினதுக்குக் காரணம் முக்காவாசி தடவை தண்ணிதான், அந்தத் தண்ணி உள்ள வந்த வழி பாதி தடவை இந்தக் குழாய்தான்.

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. சாதாரண கமர்ஷியல் பாலிசியில, 60 நாள் தொடர்ந்து காலியா இருந்தா திருட்டு, உடைப்பு, தண்ணிச் சேதம் இதுக்கெல்லாம் பணம் தரமாட்டோம்னு ஒரு பிரிவு இருக்கும். காலி பில்டிங்குக்குன்னு தனி பாலிசி எடுக்கணும், அது விலை ஜாஸ்தி, அதுலயும் விதிவிலக்கு நிறைய. செப்புக் குழாய், வயர் திருட வர்றவங்க ஒரே ராத்திரியில செய்யற சேதம் அவங்களுக்குக் கிடைக்கற காசை விட நூறு மடங்கு இருக்கும்.

மிஷிகன் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நீங்க குடும்பத்தோட போயிருப்பீங்க, போகலைன்னா இந்த வாரக் கடைசியில போங்க, ஆனா ஒரு வாங்கற ஆளோட கண்ணால பாருங்க. 1913ல திறந்த ஸ்டேஷன், 1988 ஜனவரியோட ட்ரெயின் நின்னுது, 2018ல ஃபோர்ட் வாங்குச்சு, 2024 ஜூன்ல மறுபடி திறந்தாங்க. நடுவுல அந்த 30 வருஷம் என்ன செஞ்சுதுன்னு யோசிங்க. வாங்கின உடனே அழகுபடுத்தற வேலைய ஆரம்பிக்க முடியல, தண்ணிய நிறுத்தி பில்டிங்கக் காய வைக்கறதே ஒரு தனிக் கட்டம், பேஸ்மென்ட்லேர்ந்து மட்டும் 35 லட்சம் காலன் தண்ணிய இறைச்சாங்க. அதே நிறத்துல சுண்ணாம்புக்கல் வேணும்னு இண்டியானாவில மூடிக் கிடந்த பழைய குவாரியத் திறந்து சுமார் 600 டன் கல் வெட்டிக் கொண்டு வந்தாங்க. வெயிட்டிங் ஹால் கூரையில பதிச்ச 29,000 ஓடுகளையும் ஒண்ணொண்ணா சோதிச்சாங்க. சுத்தியிருக்கற இடத்தையும் சேத்து கிட்டத்தட்ட 95 கோடி டாலர் ஆச்சு. எனக்கு இதுல மனசுல நிக்கறது வேற ஒண்ணு. ஃபோர்ட் வாங்கின செய்தி வந்ததும் யாரோ ஒருத்தர் பேர் சொல்லாம போன் பண்ணி, ஸ்டேஷன்லேர்ந்து காணாமப் போன பழைய கடிகாரம் எங்கிட்டதான் இருக்கு, இன்ன இடத்துல சாத்தி வச்சிருக்கேன், வந்து எடுத்துக்கங்கன்னு சொல்லியிருக்கார், போய்ப் பாத்தா போர்வையில சுத்தி பத்திரமா வச்சிருந்தாராம். அந்த ஊர் ஜனங்க இந்த பில்டிங்குகள எப்படி மனசுல வச்சிருக்காங்கன்னு புரிஞ்சுக்க எனக்கு அது ஒண்ணே போதும்.

ஃபோர்ட் கிட்ட இருந்த பணம் உங்ககிட்ட இல்ல, உங்களுக்கு இவ்வளவு பெரிய பில்டிங்கும் இல்ல, ஆனா தண்ணி செய்யற வேலை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். தாமதமானாலும் எல்லா பில்டிங்கும் திரும்பி வரும்னு நம்பவும் முடியாது. முக்கோண வடிவத்துல இருந்த லஃபாயெட் பில்டிங்க 2009, 2010ல இடிச்சாங்க, இப்ப அந்த இடத்துல தோட்டம் இருக்கு. ஹட்சன்ஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோர் 1983ல மூடுச்சு, 1998 அக்டோபர்ல வெடி வச்சு இறக்கினாங்க, நான் மிஷிகனுக்குப் படிக்க வந்தது அதுக்கு அடுத்த வருஷம், உட்வர்ட் அவென்யூல நடந்து போறப்ப அந்த இடத்துல வானம்தான் தெரியும். தரைக்கு அடியில கார் பார்க்கிங் கட்டினாங்க, மேல புது டவர் வேலை தொடங்கினது 2017 டிசம்பர்ல. இடிச்சா உடனே புதுசா ஒண்ணு வந்துடும்னு சொல்றவங்களுக்கு நான் அந்த 19 வருஷத்தச் சொல்வேன்.

ஊர் ஏறுதா? ஏறுது, அதுல உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்றது சரிதான். 1950ல கிட்டத்தட்ட பதினெட்டரை லட்சம் பேர் இருந்த ஊர், 2020 கணக்கெடுப்புல 6,39,111. 2013 ஜூலையில சுமார் 18 பில்லியன் டாலர் கடனோட திவால் மனு போட்டுச்சு. 2023க்கான சென்சஸ் மதிப்பீட்டுல 1957க்கு அப்புறம் முதல் தடவையா ஜனத்தொகை கூடியிருக்கு. 1984ல மூடின புக் கடிலாக் ஹோட்டல் 2008ல திறந்துச்சு, பிராடெரிக் டவர் 2012ல, டேவிட் விட்னி 2014ல, 2009லேர்ந்து காலியா இருந்த 38 மாடி புக் டவர் 2023ல. ஆனா இதெல்லாம் ஊர் ஏறுச்சு அதனால பில்டிங் எழுந்துச்சுன்னு நடக்கல, யாரோ உள்ள இறங்கி வேலை செஞ்சாங்க, அதனாலதான் பக்கத்துல இருக்கற உங்க நாலு மாடிக்கே 9 லட்சம்னு விலை சொல்ல முடியுது. வாங்கிப் பூட்டி வச்சுட்டு அடுத்தவன் உழைப்புல விலை ஏறட்டும்னு காத்திருந்தவங்க அந்த ஊர்ல நிறையப் பேர், அந்தப் பூட்டின கதவுக்குப் பக்கத்துல கடை போட்டிருந்தவங்கதான் அதுக்கு விலை கொடுத்தாங்க, ராத்திரி இருட்டு, உடைஞ்ச கண்ணாடி, பயந்து போய் வராத கஸ்டமர். தயவுசெஞ்சு நீங்க அந்த வரிசையில சேராதீங்க.

இப்ப கணக்கு. விலை 9 லட்சம்ங்கறது இதுல சின்னச் செலவு. முழுசா காலியாக் கிடந்த பில்டிங்கை அபார்ட்மென்ட்டா மாத்த, புது எலக்ட்ரிக்கல், பிளம்பிங், ஸ்பிரிங்க்ளர், லிஃப்ட், ரெண்டு மாடிப்படி, ஜன்னல், கூரைன்னு போட்டா, கணக்குக்காக சதுர அடிக்கு 300 டாலர்னு வச்சுக்கங்க. 16,000 சதுர அடிக்கு 48 லட்சம். விலையோட சேத்து 57 லட்சம். சரி, முடிச்ச பிறகு அது என்ன பெறும்? நடை, படிக்கட்டு, சுவரெல்லாம் கழிச்சா வாடகைக்கு விடற இடம் 12,800 சதுர அடி இருக்கும், சதுர அடிக்கு மாசம் 2 டாலர் வாடகைன்னா வருஷத்துக்கு 3,07,200. அதுல பிராப்பர்ட்டி டேக்ஸ், இன்ஷூரன்ஸ், காலியா இருக்கற மாசங்கள், ரிப்பேர்னு 40 சதவீதம் போனா மிச்சம் சுமார் 1,84,000. வாங்கறவன் 7 சதவீத வருமானம் எதிர்பாக்கறான்னா பில்டிங்கோட மதிப்பு 26 லட்சத்துச் சொச்சம். 57 லட்சம் செலவு பண்ணி 26 லட்சத்துப் பொருள உண்டாக்கறீங்க. பேங்க் மதிப்புல 70 சதவீதம் தந்தா 18 லட்சம், உங்க அஞ்சு பேர் பணம் ஏழரை லட்சம், அப்பவும் 30 லட்சத்துக்கு மேல பள்ளம் இருக்கு. என் நம்பர்கள நம்பாதீங்க, லோக்கல் காண்ட்ராக்டர் கிட்ட எழுத்துல வாங்கின நம்பர்கள வச்சு நீங்களே போட்டுப் பாருங்க, பள்ளம் கூடும் குறையும், ஆனா மறையாது. டெட்ராய்ட் மாதிரி மீண்டு வர்ற ஊர்ல கட்டற செலவு பெரிய ஊர் ரேட், வாடகை இன்னும் அந்த ரேட்டுக்கு வரல. நல்ல பில்டிங் பத்து வருஷம் காலியாக் கிடந்ததுக்குக் காரணம் யாருக்கும் கண்ணு தெரியாமப் போனது இல்ல, இந்தப் பள்ளம்தான்.

பள்ளத்த ரொப்பத்தான் டேக்ஸ் கிரெடிட், வரி உறைவு, மானியம், சலுகை லோன் எல்லாம் இருக்கு. பில்டிங் தேசிய வரலாற்றுப் பதிவேட்டுல இருந்தாலோ, பதிவான வரலாற்றுப் பகுதிக்குள்ள அதுக்கு முக்கியத்துவம் இருக்குன்னு சான்று கிடைச்சாலோ, தகுதியான செலவுல 20 சதவீதம் ஃபெடரல் டேக்ஸ் கிரெடிட் கிடைக்கும், 2018லேர்ந்து அத அஞ்சு வருஷமாப் பிரிச்சுத்தான் எடுக்க முடியும். உங்க கணக்குல அதிகபட்சம் 9,60,000. இத வச்சு சம்பளத்துல பிடிக்கற டேக்ஸ குறைச்சுக்கலாம்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க, வேற வேலை பாத்துக்கிட்டு வாடகை பில்டிங்ல பணம் போடறவங்களுக்கு பாசிவ் வருமான விதி, அதாவது நேரடியா உழைக்காத தொழில்ல கிடைக்கற சலுகைய சம்பள டேக்ஸ்ல கழிக்க விடாத விதி, குறுக்க நிக்கும், வருமானம் 2 லட்சம் டாலரத் தாண்டினா இருக்கற கொஞ்ச சலுகையும் குறைஞ்சு ரெண்டரை லட்சத்துல நின்னு போகும். உங்கள்ல பாதிப் பேர் வீட்டுல ரெண்டு சம்பளம் இருக்கும்னு நினைக்கறேன், அதனால இதத் தெரிஞ்ச சிபிஏ, அதாவது ஆடிட்டர் கிட்ட முதல்ல உக்காருங்க. கிரெடிட்ட வெளி முதலீட்டாளருக்குக் கொடுத்துப் பணம் வாங்கற வழி உண்டு, ஆனா இந்த அளவுக்கு வக்கீல் செலவே கணிசமாத் தின்னுடும்.

மிஷிகன்ல 2000ல வந்த ஓப்ரா சட்டம்னு ஒண்ணு இருக்கு, பாழடைஞ்ச பில்டிங்க சரிபண்றவங்களுக்கு அதோட வரி மதிப்ப 12 வருஷம் வரைக்கும் பழைய அளவுலயே உறைய வைக்கும், ஸ்கூல் வரி மட்டும் கூடும். இது உங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா மிஷிகன்ல சொத்து கை மாறினாலே வரி மதிப்போட உச்சவரம்பு கழண்டு சந்தை விலையில பாதி அளவுக்கு ஏறிடும், பழைய ஓனர் கட்டின டேக்ஸ் ரசீதப் பாத்து நீங்க கணக்கு போட்டா தப்பாப் போகும். இந்த ஓப்ராவுல ஒரு கண்டிஷன், சிட்டி கவுன்சில் உங்க இடத்த அந்தத் திட்டத்துக்கான மாவட்டமா அறிவிக்கறதுக்கு முன்னாடி வேலைய ஆரம்பிக்கவே கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு குரூப், உங்கள மாதிரியே நல்ல மனசோட வந்தவங்க, கையெழுத்து போட்ட உற்சாகத்துல வீக்கெண்ட்ல எல்லாரும் சேந்து உள்ள இருந்த சுவத்த இடிச்சு பழைய மர ஜன்னலயெல்லாம் கழட்டி குப்பைத் தொட்டியில போட்டுட்டு அப்புறமா என்னக் கூப்பிட்டாங்க. வேலை முதல்லயே ஆரம்பிச்சதால வரி உறைவு சிக்கலாச்சு, ஒரிஜினல் ஜன்னல் போனதால வரலாற்று கிரெடிட்டும் கைய விட்டுப் போச்சு, ஏன்னா அதுக்கு மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகமும் ஃபெடரல் அரசோட நேஷனல் பார்க் சர்வீஸும் பிளானப் பாத்து சரின்னு சொல்லணும். அந்த ஜன்னல் ஃப்ரேம் ஒவ்வொண்ணும் உறுதியான பழங்கால மரம். அன்னிக்கு அவங்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லாம நின்னேன். அதனாலதான் உங்ககிட்ட முன்கூட்டியே சொல்றேன், காகித வேலை முடியற வரைக்கும் கூரை லீக்க அடைக்கறத தவிர வேற எதையும் தொடாதீங்க, அத அடைக்கறதுக்குக்கூட கேட்டுட்டுச் செய்யுங்க.

மண்ணு பத்தி. 1920லேர்ந்து அந்த இடத்துலயும் பக்கத்துலயும் என்னென்ன இருந்துச்சோ, டிரை கிளீனர், மெக்கானிக் ஷாப், உலோக முலாம் பூசற கடை, பேஸ்மென்ட்ல ஆயில் டேங்க், எதுலேர்ந்தும் மண்ணுல மாசு இறங்கியிருக்கலாம். வாங்கறதுக்கு முன்னாடி ஃபேஸ் ஒன் ரிப்போர்ட், அதாவது பழைய உபயோகத்தப் பாத்து மாசு இருக்க வாய்ப்பு உண்டான்னு சொல்ற ரிப்போர்ட் எடுங்க, அதுல சந்தேகம் வந்தா மண்ணத் தோண்டிப் பரிசோதிங்க. மாசு இருந்தாலும் பயந்து ஓட வேண்டியதில்ல, மிஷிகன்ல பேஸ்லைன் மதிப்பீடுன்னு ஒரு வழி இருக்கு, வாங்கின 45 நாளுக்குள்ள செஞ்சு 6 மாசத்துக்குள்ள மாநிலத்துக்கு அனுப்பினா பழைய ஓனர் காலத்து மாசுக்கு நீங்க பொறுப்பில்ல. அந்த 45 நாளத் தவற விட்டா அந்தப் பாதுகாப்பு போச்சு. ஆஸ்பெஸ்டாஸும் ஈயப் பெயின்ட்டும் இருக்கும்னே வச்சுக்கங்க.

ரெஸ்டாரன்ட் விஷயம் எனக்குப் பிடிச்சிருக்கு, ஏன்னா உங்க திட்டத்துல உள்ள வர்ற ஆள் யாருன்னு உறுதியாத் தெரியற இடம் அது ஒண்ணுதான். ஆனா நம்ம சமையலுக்கு புகைய உறிஞ்சற நல்ல ஹூட் வேணும், அந்த எண்ணெய்ப் புகைக் குழாய் நெருப்பு தாங்கற ஷாஃப்டுக்குள்ள நாலு மாடியையும் தாண்டி மொட்டை மாடிக்குப் போகணும், அதாவது மேல ஒவ்வொரு மாடியிலயும் ஒரு சின்ன ரூம் அளவு இடத்த அது எடுத்துக்கும், ஆர்க்கிடெக்ட் முதல் கோடு போடறப்பவே அத வைக்கணும். எண்ணெய்க் கழிவப் பிடிக்கற கிரீஸ் டிராப், கேஸ் லைன் அளவு, சாக்கடைக் குழாய் இதையும் பாருங்க. ஹீட்டிங்குக்கு பாய்லர் இருக்கான்னும் பாருங்க, டவுன்டவுன்ல தெருவுக்கு அடியில ஓடற ஸ்டீம்ல சூடான பழைய பில்டிங் பல உண்டு, அதுக்குள்ள பாய்லரே இருக்காது. ஜன்னல் வெளிச்சம் பத்திக் கவலை இல்ல, ஏசி வர்றதுக்கு முந்தின காலத்து பில்டிங், எல்லா ரூமுக்கும் வெளிச்சமும் காத்தும் வேணும்னுதான் கட்டியிருப்பாங்க, அபார்ட்மென்ட்டா மாத்த அறுபது எழுபதுகள்ல வந்த கண்ணாடி ஆபீஸ விட இதுதான் சுலபம். செங்கல் இணைப்ப பூசறப்ப மட்டும் கெட்டி சிமென்ட் வேண்டாம்னு எழுதிக் கொடுங்க. நம்ம ஊர்ல சுண்ணாம்புக் காரைச் சுவத்து மேல சிமென்ட் பூசினா ஈரம் உள்ளயே நின்னு சுவரே கெட்டுப் போகுமே, அதேதான் இங்கயும், அந்தக் காலத்து மெத்து செங்கலுக்கு சுண்ணாம்பு கலந்த மெதுவான கலவைதான் சரி.

இப்ப என்ன செய்யணும்னா, புரோக்கர் கிட்ட விலையப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி டைம் பத்திப் பேசுங்க. சின்ன அட்வான்ஸ் கொடுத்து, 120 நாள் பரிசோதனைக் காலம், பிடிக்கலைன்னா அட்வான்ஸ் திரும்பி வரணும்னு எழுதி வாங்குங்க. பத்து வருஷம் காலியா இருந்த பில்டிங்குக்கு இந்த மாசம் திடீர்னு என்ன அவசரம்? ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க. ஒத்துக்கிட்டா அந்த 120 நாள்ல ஃபேஸ் ஒன், ஸ்ட்ரக்சுரல் ரிப்போர்ட், காண்ட்ராக்டர் எஸ்டிமேட், சிபிஏ, சிட்டியோட ஒரு மீட்டிங், பில்டிங் லோக்கல் வரலாற்றுப் பகுதியில இருக்கான்னு ஒரு விசாரணை. இதுக்கு ஆகற செலவு உங்க அஞ்சு பேருக்கும் தாங்கும், மோசம்னு தெரிஞ்சா போனது அவ்வளவுதான். இந்த மாதிரி ஒண்ண ஏற்கனவே முடிச்ச லோக்கல் டெவலப்பர் ஒருத்தரப் பங்குதாரரா சேருங்க, உங்க பங்கு குறையும், பரவாயில்ல, பேங்க் உங்க சம்பளத்த விட அவர் முடிச்ச வேலையத்தான் பாக்கும்.

பள்ளம் ரொம்பவே பெருசுன்னு தெரிஞ்சா, மனசு விட வேண்டாம், சின்னதா ஆரம்பிங்க. லிவர்னாய்ஸ் மாதிரி தெருக்கள்ல ரெண்டு மாடி, மூவாயிரம் நாலாயிரம் சதுர அடி, கீழ கடை மேல ஒண்ணு ரெண்டு வீடுன்னு இருக்கற பில்டிங்குகளப் பாருங்க, அங்க லிஃப்ட் செலவு தப்பும் வாய்ப்பு அதிகம், ரெஸ்டாரன்ட் நடத்தப் போற அந்தத் தங்கச்சி 2015லேர்ந்து நடக்கற மோட்டார் சிட்டி மேட்ச் திட்டத்துல மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம், அது டெட்ராய்ட்ல புதுசா கடை போடறவங்களுக்கு உதவற திட்டம்.

அடுத்த பெரிய மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில டார்ச்சும் நல்ல பூட்ஸும் ஹெல்மெட்டும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு, ஓனர் அனுமதியோட, பழைய பில்டிங் பழக்கமுள்ள ஒரு இன்ஜினியரையும் கூட்டிக்கிட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் போங்க. மொட்டை மாடி வடிகால் வாய், அதுக்கு நேர் கீழ ஒவ்வொரு மாடியிலயும் தரையும் கூரையும், ஜன்னல் லிண்டல், கடைசியா பேஸ்மென்ட், முக்கியமா நடைபாதைக்கு அடியில நீண்டு போற பகுதி, அங்கதான் இரும்பு முதல்ல கெடும். ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, எந்த மாடின்னு எழுதி அனுப்புங்க, பாத்துட்டு இந்த பில்டிங் இன்னும் எத்தன குளிர்காலம் தாங்கும்னு உங்களுக்குச் சொல்றேன்.